தீவுக்கு ஒரு போர்வை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு நீள நோட்டு கிடக்கும். கெட்டி அட்டை, நூலில் கட்டித் தொங்குகிற பேனா. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பால் கணக்கு என்றே நினைப்பார்கள். நானும் என் கணவரும் குடும்பம் நடத்துவதே அந்த நோட்டில்தான்.

நான் ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருக்கிறேன். போர்டில் பாகங்கள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று லென்ஸ் வழியாகப் பார்க்கிற வேலை. அவருக்குக் கார் சீட் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனை. நான் சாத்தூர்ப் பக்கம். பத்தொன்பது வயதில் பெட்டியோடு வந்து இறங்கி நான்கு வருடம் ஹாஸ்டலில் கிடந்தவள். அவர் வாலாஜாபாத்துக்காரர். கல்யாணம் ஆனதும், இரண்டு கம்பெனி பஸ்ஸும் வந்து நிற்கிற ஊர் என்று சேரப்பணஞ்சேரியில் வீடு பார்த்தோம். பஸ் இரண்டும் வரத்தான் செய்தன. ஒரே நேரத்தில் வரவில்லை.

இரண்டு இடத்திலும் வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும். நான் காலை என்றால் அவர் மதியம். நான் மதியம் என்றால் அவர் இரவு. நான் இரவு என்றால் அவர் காலை. யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து திட்டம் போட்டது மாதிரி இருக்கும். வார லீவு எனக்கு ஞாயிறு, அவருக்குப் புதன். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல விழித்திருக்கிற நேரம் வாரத்துக்கு ஏழெட்டு மணி தேறினால் அதிகம். அதிலும் பாதி காய்கறிக்குப் போகும், பாதி அவர் அம்மா வீட்டுக்கு.

முதலில் போனில்தான் பேசிக்கொண்டோம். லைனுக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். நான் கோபத்தில் அனுப்பிய மெசேஜை அவர் எட்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார். அதற்குள் எனக்குக் கோபம் ஆறி, எதற்குக் கோபப்பட்டேன் என்பதே மறந்திருக்கும். அவர் அப்போதுதான் சுடச்சுடப் பதில் போடுவார். அதைப் பார்த்து எனக்குப் புதிதாக ஒன்று கிளம்பும். ஆறு மாதம் இப்படியே ஓடிய பிறகு, அவர் கம்பெனிப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு ஷிஃப்ட் இறங்கி அடுத்தது ஏறும்போது ஹேண்ட்ஓவர் நோட்டு எழுதுவார்கள். எந்த மெஷின் நின்றது, எது பாக்கி, எதில் கை வைக்கக் கூடாது என்றெல்லாம். நமக்கும் அதே மாதிரி ஒன்று போட்டுக்கொள்வோம் என்றார்.

அந்த நோட்டுக்குச் சட்டம் உண்டு. எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும். எழுதாததைத் தொடக் கூடாது. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கலாம் என்றால் எழுதினவர் இருக்க மாட்டார், பஸ் ஏறியிருப்பார். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது, ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எள் என்றால் எண்ணெயாக நிற்பார்கள் என்று சிலரைச் சொல்வோம். என் கணவர் எள் என்றால் எள்ளோடுதான் நிற்பார். ஒருமுறை ‘துணி ஊறவைத்திருக்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் துணி ஊறிக்கொண்டே இருந்தது. துவைக்கச் சொல்லி எழுதவில்லையே என்றார். இன்னொரு முறை வயிறு சரியில்லாமல் ‘கத்தரிக்காய் வேண்டாம்’ என்று எழுதினேன். மூன்று மாதம் எங்கள் வீட்டுக்குள் கத்தரிக்காய் வரவில்லை. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொல்வேன்; சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் தீவு வந்து சேர்ந்தது.

எங்கள் கம்பெனியில் புது மாடலுக்காக லைனை ஒரு வாரம் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதே வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, படப்பையில் ஏறுகிறவள், போனில் ஒரு வீடியோ காட்டினாள். லட்சத்தீவில் ஏதோ ஒரு மூலையில் சின்னத் தீவு. பெயரை இங்கே எழுத மாட்டேன், கண் வைத்துவிடுவார்கள். மொத்தமே சில நூறு பேர்தான் இருக்கிறார்களாம். ஒரு சிமென்ட் ரோடு, அதில் ஒரு சைக்கிள், இரண்டு பக்கமும் தென்னை, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். பத்து நிமிட வீடியோவில் நான்கே பேர் வந்தார்கள். அதில் ஒருவரும் வேகமாக நடக்கவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அன்றைக்கு எனக்கு இரவு ஷிஃப்டின் கடைசி நாள். காலையில் வீடு வந்தேன். கீழ்வீட்டில் காதுகுத்து, ஸ்பீக்கர் கட்டி ஏழு மணிக்கே பாட்டுப் போட்டுவிட்டார்கள். மாடிப்படி முழுக்க முன்பின் தெரியாத சொந்தக்காரர்கள். ஒரு அம்மா என்னை நிறுத்தி, விசேஷம் ஏதும் உண்டா என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டார். அவரைத் தாண்டி உள்ளே வந்து கதவைச் சாத்தினால், ஃபிரிட்ஜ் மேல் அவர் எழுத்து: ‘சாப்பிட்டுத் தூங்கு. இட்லி ஹாட் பாக்ஸில்.’ அந்த வரியைப் பார்த்தும் எரிச்சல் வந்தது. இங்கேயும் ஒரு ஆள் எனக்கு வேலை சொல்கிறாரே என்று இருந்தது. ஹாஸ்டல் அறையில் எட்டுப் பேர், பஸ்ஸில் ஐம்பது பேர், லைனில் எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி, முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர். தனியாக இருந்த ஒரு மணி நேரத்தை யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை.

பேனாவை எடுத்து எழுதினேன். ‘எனக்கு ஒரு வாரம் லீவு வருது. எங்கேயாவது போகணும். வீடியோ அனுப்பியிருக்கேன், அந்தத் தீவு. அங்க யாருமே இருக்கக் கூடாது.’ யாருமே என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

தூங்கி எழுந்து, அதை நான் மறந்தும் போனேன். மறுநாள் நோட்டில் பதில் இருந்தது: ‘வீடியோ பார்க்கப்பட்டது. தீவு உள்ளது. ஏற்பாடு செய்யப்படும்.’ அவர் நோட்டில் எழுதும்போது மட்டும் இப்படித்தான், தாசில்தார் ஆகிவிடுவார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கடுத்த இரண்டு வாரமும் நோட்டில் தீவுதான். அவர் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். வேலை, கடைசித் தேதி, நிலைமை. அனுமதி வாங்காமல் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது என்று எழுதினார். அதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் சான்று வேண்டும், அதற்குப் போட்டோ வேண்டும். எர்ணாகுளம் வரை ரயில், கொச்சியிலிருந்து கப்பல், பிறகு ஒரு படகு. கப்பலில் வாந்தி வருமா என்று கேட்டு எழுதினேன். ‘வரலாம். மாத்திரை வாங்கப்பட்டது’ என்று பதில். அங்கே கடை உண்டா என்றேன். ‘விசாரிக்கப்படுகிறது’ என்றார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டே அந்த சிமென்ட் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் எடுத்துப்போக வேண்டிய சாமான்களின் பட்டியல் வந்தது. குடை 1. டார்ச் 1. போர்வை 1. போர்வை ஒன்று என்று பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இந்த மனுஷனுக்குள் இப்படியும் ஒன்று இருக்கிறதா என்று, சமைத்துக்கொண்டிருந்தவள் தனியாகச் சிரித்தேன். அடுத்த வரியில் தட்டு 1. டம்ளர் 1. அதுவும் சரி, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி என்று வைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வரி, பல் தேய்க்கிற பிரஷ் 1.

பிரஷ்ஷில் போய் நின்றுவிட்டேன். எவ்வளவு ஆசை இருந்தாலும் பிரஷ் இரண்டு வேண்டும். அவருடையது ஏற்கெனவே பையில் இருக்கிறது போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அவர் வைத்திருந்த காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். ரயில் டிக்கெட்டில் கீழ் பெர்த் ஒன்று. அனுமதி விண்ணப்பம் ஒன்று நிரப்பி, என் போட்டோ ஒட்டி இருந்தது. அவருடைய போட்டோவைக் காணோம். உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன், மாத்திரை அட்டைதான் விழுந்தது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. என்னைத் தனியாக அனுப்புகிறாரா? எதற்கு? அவருக்கு லீவு கிடைக்கவில்லையா? கிடைக்கவில்லை என்றால் அதைக் கட்டத்தில் எழுதியிருப்பாரே. நேரில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஞாயிறு மூன்று மணி நேரம் ஒன்றாகத்தான் இருந்தோம். அவர் அம்மா வீட்டில், நடுவில் நான்கு பேர் உட்கார்ந்திருக்க, மீன் குழம்பு சாப்பிட்டோம். வண்டியில் திரும்பும்போது கேட்க வாயெடுத்தேன், கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்றுதான் வந்தது. நேரில் பேசுகிற பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது.

பஸ்ஸில் படப்பைக்காரியிடம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“ஒண்ணு அந்த ஆளு சொக்கத் தங்கமா இருக்கணும். இல்லாங்காட்டி உன்ன அனுப்சிட்டு இங்க வேற இன்னாவோ வேல கீது. நல்லா பாத்துக்கோ.”

இதைக் கேட்டால் எனக்குத் தெளிவு வரும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. அன்றைக்கு லைனில் இரண்டு கெட்ட போர்டை நல்லது என்று விட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். இது எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கத்தான். என் கையெழுத்தில் அந்த வரி இருந்தது. யாருமே இருக்கக் கூடாது. இரண்டு கோடு, கிழிந்த தாள். அவர் எழுதியிருப்பதைச் செய்திருக்கிறார், அவ்வளவுதான். கத்தரிக்காயைப் போலத் தன்னையும் நிறுத்திக்கொண்டிருக்கிறார். முதலில் சிரிப்பு வந்தது. இப்படியும் ஒரு மண்டு உண்டா, யாருமே என்றால் புருஷனுமா என்று அவரைத் திட்டினேன்.

திட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காலையில் நான் யாரையெல்லாம் நினைத்து அந்தக் கோட்டைப் போட்டேன் என்று யோசித்தேன். கீழ்வீட்டு ஸ்பீக்கர், வயிற்றைப் பார்த்த அம்மா, சூப்பர்வைசர், அப்புறம் ஹாட் பாக்ஸ். ஆமாம், அவரையும் சேர்த்துத்தான். பிழை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. நான் எழுதியதும் சரி, அவர் படித்ததும் சரி.

பிறகு எனக்கு எதற்கு இந்த வருத்தம்? அவர் வரவில்லை என்றால் நான் கேட்டது கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம். அந்த ரோட்டில் நான் நடக்கலாம், ஒருவரும் என்னைச் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள். வா என்று இப்போது அவரைக் கூப்பிட்டால் அது அன்பா, குற்ற உணர்ச்சியா? கூப்பிட்டு அவர் வந்து, அங்கே நான்கு நாள் முழுக்க இரண்டு பேரும் விழித்திருந்து, பேச ஒன்றும் இல்லாமல் போனால்? அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. தூங்குகிற ஆளோடு குடும்பம் நடத்திவிடலாம். விழித்திருக்கிற ஆளை எனக்குத் தெரியுமா?

நோட்டில் எழுத உட்கார்ந்தேன். ‘நீங்களும் வாங்க’ என்று எழுதி, ஒரே கோட்டில் அடித்து, கையெழுத்துப் போட்டேன். ‘யாருமே என்றது உங்களை இல்லை’ என்று எழுதினேன். அது பொய். அதையும் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவதாக ‘லீவு கேட்டீங்களா?’ என்று எழுதி அதையும் அடித்தேன். ஒரு பக்கத்தில் மூன்று அடித்தல், மூன்று கையெழுத்து. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் விளக்கம் கேட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. அதற்குக் கீழே, ‘விண்ணப்பம் புதன் காலை ஸ்டேஷனில் கொடுக்கப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மதிய ஷிஃப்ட், அவருக்கு இரவு. அவர் காலை ஆறே முக்காலுக்கு வந்தபோது நான் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவர் பயந்துபோய், ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

“ஒரு ஆளுக்குத்தான் போட்டிருக்கீகளா?” என்றேன்.

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “நீதானே எழுதிகிற, யாருமே கூடாதுன்னு” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அத எழுதுறப்ப உங்களையுஞ் சேத்துத்தான் எழுதுனேன்.”

சொல்லிவிட்டேன். அவர் சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் வைத்தார்.

“தெரியும்” என்றார். “பேப்பரு கிழிஞ்சிருந்திச்சே.” ஷூவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “போறதுக்கு ஒரு வழிதான் பாத்தேன். திரும்பி வர்றதுக்கு ரெண்டு வழி பாத்து வெச்சிகிறேன். கப்பல் இல்லாங்காட்டி ஃப்ளைட்டு. நீ வந்துட்டா போதும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். நானென்ன ஓடிப்போகவா கேட்டேன் என்று கத்தினேன். இரண்டு வாரமாக என்னைச் சுற்றலில் விட்டு, குடை ஒன்று தட்டு ஒன்று என்று எழுதினீர்களே, ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், நீங்களும் வாருங்கள் என்றேன்.

“நெசமா கூப்புட்றியா? இல்ல, பாவமேன்னு கூப்புட்றியா?”

“தெரியல” என்றேன். அதுதான் உண்மை.

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு விண்ணப்பம், ஒன்றும் நிரப்பாமல். இரண்டாகத்தான் வாங்கினாராம். லீவும் சொல்லி வைத்திருக்கிறாராம், வேண்டாம் என்றால் ரத்து செய்துவிடலாமாம். தெரிந்தால் நிரப்பி வை, தெரியாவிட்டால் விட்டுவிடு, நாளைக்கு ஒன்றைக் கொடுக்கிறேன் அல்லது இரண்டைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு இட்லியைத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, தலை வரைக்கும் போர்த்திக்கொண்டார்.

குளித்து, சமைத்து, சோறு கட்டி வைத்தபோது மணி பன்னிரண்டு. சரி, நிரப்பித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, விலாசம், எல்லாம் ஆதார் கார்டைப் பார்த்து எழுதினேன். அடுத்த கட்டம் அங்க அடையாளம். அதற்கு ஆதாரில் பதில் இல்லை. மச்சமா, தழும்பா, எங்கே? யோசித்தேன். அவர் கையெழுத்து தெரியும், வண்டிச் சத்தம் தெரியும், எந்தக் குழம்புக்கு இன்னும் கொஞ்சம் கேட்பார் என்று தெரியும். கல்யாணம் ஆகி மூன்று வருடம், அவர் உடம்பில் ஒரு மச்சம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் என் முழங்காலில் ஒரு தழும்பு எழுதியிருக்கும், அதைத்தான் போட்டிருப்பார் என்று நினைத்தேன். ‘வலது காதுக்குப் பின்னால், முடிக்குள், சிறிய மச்சம்’ என்று எழுதியிருந்தது. எனக்கு அங்கே மச்சம் இருப்பது எனக்கே தெரியாது. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, போனில் போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. நான் தூங்கும்போது எத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்?

அறைக்குள் போனேன். போர்வையை மெல்ல விலக்கினேன், முதுகுதான் தெரிந்தது. எழுப்ப மனம் வரவில்லை. புரண்டு படுக்கட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு மணிக்குத் தெருமுனையில் எங்கள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. படப்பைக்காரி போனில் இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பஸ் போய்விட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லாமல் லீவு போட்டது அன்றுதான்.

ஒன்றரைக்கு மேல் அவர் இந்தப் பக்கம் திரும்பினார். தாடைக்குக் கீழே, சவரம் செய்தால்கூட வெளியே தெரியாத இடத்தில், விரல்நக நீளத்துக்கு ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. பழைய தழும்பு. சின்ன வயதில் விழுந்திருக்க வேண்டும். எங்கே விழுந்தார், யார் தூக்கினார்கள், தையல் போடும்போது அழுதாரா, எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் எழுந்ததும் கேட்க வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.